நான்கெல்லைத் தொடரும் ஒத்த வாக்கிய அமைப்பும்: போடிநாயக்கனூர் – ஏலமலைச் சரிவை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ஒரே வாக்கியத்துள் வரும் உறுப்புகள் ஒரே இலக்கண வடிவில் அமைதல் வேண்டும் என்னும் கருத்து இன்று பெரும்பாலும் ஆங்கில நடைப் பயிற்சியின் வழி அறிமுகமாகிறது. தமிழில் இவ்வமைப்பு நிலவுரிமை ஆவணங்களில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டப் பயன் கருதி ஆளப்பட்டு வந்துள்ளது. எண்ணும்மை, தொகை, நிரனிறை, பொதுவினை ஆகியவை பற்றிய இலக்கண விதிகளைக் கொண்டு நான்கெல்லைத் தொடரின் அமைப்பை இக்கட்டுரை ஆராய்கிறது. அத்தொடர் போடிநாயக்கனூரை அடுத்த ஏலமலைச் சரிவில் எதிர்கொள்ளும் சிக்கல்களையும் விவாதிக்கிறது.

திறவுச்சொற்கள்: எண்ணும்மை, செவ்வெண், தொகை, நான்கெல்லை, பத்திர நடை, ஏலமலை, போடிநாயக்கனூர்

முன்னுரை

ஒத்த வாக்கிய அமைப்பைக் குறித்த மேலைநாட்டு ஆய்வு 1753இல் இராபர்ட் லோத் எபிரேயச் செய்யுள் பற்றி வெளியிட்ட விரிவுரைகளிலிருந்து தொடங்குவதாகக் கூறுவர். 1966இல் ரோமன் யாக்கப்சன் இதனை இலக்கண நோக்கில் விரித்தெழுதினார். தென்னிந்திய மலைவாழ் மக்களின் வழக்கில் இவ்வமைப்பு எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதை நீலகிரித் தோடர் பாடல்களைத் தொகுத்த எம். பி. எமெனோ 1971இல் வெளியிட்ட நூல் காட்டிற்று. அப்பாடல்களில் தொடர்கள் இணை இணையாகவே நடக்கின்றன. இவை மூன்றும் செய்யுளை நோக்கிய ஆய்வுகள். உரைநடையில், அதிலும் அழகு நாடாத ஆவண உரைநடையில், இவ்வமைப்பு ஏன் விடாது நிலைத்தது என்னும் வினா தமிழில் போதிய அளவு எழுப்பப்படவில்லை. இக்கட்டுரை அவ்வினாவையே மேற்கொள்கிறது.

களமாகப் போடிநாயக்கனூரையும் அதன் மேற்கே எழும் ஏலமலைச் சரிவையும் கொள்வதற்குக் காரணம் உண்டு. ஊர்நிலத்திற்கென உருவான எல்லைத் தொடர் மலைநிலத்தில் ஏறும்போது அதன் வலிமையும் குறையும் ஒருங்கே வெளிப்படுகின்றன. மேலும் இம்மலைநிலம் பற்றிய வழக்கொன்று இன்றும் உச்ச நீதிமன்றத்தில் உள்ளது.

இலக்கண நூல்கள் கூறுவன

ஒத்த அமைப்பு என ஒரே பெயரிட்டுத் தமிழ் இலக்கணிகள் எதனையும் தனியே வகுக்கவில்லை. ஆனால் அதன் கூறுகள் பல இயல்களில் சிதறிக் கிடக்கின்றன. தொல்காப்பியச் சொல்லதிகாரக் கிளவியாக்கம், இரு பொருளை ஒப்பிடுமிடத்துச் சினையைச் சினையோடும் முதலை முதலோடும் ஒப்பிட வேண்டும் என்கிறது. 'வண்டன்மேட்டு ஏலக்காயின் நிறம் இவ்வூர்க் காயைவிட நன்று' என்பது நிறத்தைக் காயோடு ஒப்பிடுவதால் வழுவாகும். 'இவ்வூர்க் காயின் நிறத்தைவிட' என வரவேண்டும். இன்றைய நடைக் கையேடுகள் ஒப்பீட்டில் ஒத்தமைதி எனக் கற்பிப்பது இதனைத்தான்.

அதே இயலில் இன்னொரு விதி இதனினும் நுட்பமானது. வெவ்வேறு வினைக்குரிய பொருள்களைப் பொதுச்சொல்லால் கூறும்போது அவற்றுள் ஒன்றற்கே உரிய வினையைக் கொடுத்து முடிக்கலாகாது. தனித்தனியே எண்ணும்போதும் மரபு அதுவே. யாழையும் குழலையும் பறையையும் சேர்த்தெண்ணி 'ஊதினார்' என்று முடித்தல் பொருந்தாது, 'இயம்பினார்' என்பது பொருந்தும் என உரையாசிரியர்கள் விளக்குவர். ஏலத்தோட்ட வேலைப் பெயர்களில் இவ்விதியைப் பொருத்திப் பார்க்கலாம். களை எடுக்கப்படும், காய் எடுக்கப்படும், ஆனால் மருந்து அடிக்கப்படும், கவாத்துச் செய்யப்படும். 'களையும் மருந்தும் கவாத்தும் எடுத்தனர்' என ஒருவர் எழுதினால் பொருள் விளங்கும். ஆயினும் தொடர் நொண்டும். 'களையெடுப்பும் மருந்தடிப்பும் கவாத்தும் நடந்தன' என்றால் நொண்டாது. தோட்டக் கணக்குப் புத்தகத்தில் வேலைகள் பெயராக்கம் பெற்று வருவதற்குச் சுருக்கம் மட்டுமே காரணமன்று என எண்ண இடமுண்டு.

எண்ணுதலில் வரும் இடைச்சொற்களைப் பற்றி 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சார்ந்த பவணந்தியாரின் நன்னூல் கூறுவது இக்கட்டுரைக்கு அடிப்படையானது. பெயர்ச்செவ்வெண், ஏ, என்றா, எனா என்னும் நான்கும் இறுதியில் தொகைச்சொல் பெற்றே வரும். உம், என்று, என, ஒடு என்னும் நான்கும் தொகை பெற்றும் வரும், பெறாமலும் வரும். அதாவது உருபு ஏதுமின்றிப் பெயர்களை வெறுமனே அடுக்கினால், 'ஆகிய மூவரும்' என்பது போல ஒரு கூட்டல் தேவை. ஒவ்வொரு பெயரின் பின்னும் 'உம்' நின்றால், அந்த உம்மையே உறுப்புகளின் தொடக்கத்தையும் முடிவையும் வரையறுத்துவிடுவதால், கூட்டல் கட்டாயமன்று.

இனி நிரனிறை. தொல்காப்பியர் எச்சவியலில் பொருள்கோள் நான்கனுள் ஒன்றாகவும், நன்னூலார் எட்டனுள் ஒன்றாகவும் கூறும் இது செய்யுளுக்கே உரியதெனக் கருதப்படுகிறது. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் மூவர் பெயரை வரிசையாகக் கூறி, மூன்று அளவுகளை வரிசையாகக் கூறி, இடையில் 'முறையே' என்று எழுதுகிறோமே, அது முறை நிரனிறையின் உரைநடை வாரிசு. அந்த ஒரு சொல் விடுபட்டால் குடும்பமே நீதிமன்றம் ஏற நேரிடும்.

கல்லிலும் செம்பிலும்

போடிநாயக்கனூருக்கு அண்மையில் உள்ள சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் வெளியாயின. இவற்றுள் பெரிய செப்பேடு மூன்றாம் இராசசிம்ம பாண்டியன் எனவும் இரண்டாம் இராசசிம்மன் எனவும் எண்ணிடப்படும் 10ஆம் நூற்றாண்டு மன்னனுடையது. மாபாரதம் தமிழாக்கப்பட்டதையும் மதுரையில் சங்கம் நிறுவப்பட்டதையும் குறிப்பிடுவதால் இலக்கிய வரலாற்றாசிரியர்கள் இதனைத் திரும்பத் திரும்ப எடுத்தாள்வர். அவ்விரு செய்திகளும் எத்தகைய வாக்கியத்தில் வருகின்றன என்பது பெரிதும் கவனிக்கப்படவில்லை. முன்னோர் செயல்கள் ஒவ்வொன்றும் வினையெச்சத்தோடு உம்மை பெற்று, ஒரே ஓசையில் முடிந்து, ஒரு நீண்ட அடுக்காகச் செல்கின்றன. எழுவாய் பன்மையானது, பெயர் சுட்டப்படுவதில்லை. ஆகவே எச்செயலை எம்மன்னன் செய்தான் என்பதை இவ்வடுக்கிலிருந்து பிரித்தெடுக்க இயலாது. ஒத்த அமைப்பு செயல்களைச் சமப்படுத்தும், காலத்தையும் சமப்படுத்திவிடும். சங்கம் வைத்த காலத்தையும் மாபாரத மொழிபெயர்ப்பின் காலத்தையும் இவ்வொரு தொடரைக் கொண்டு அடுத்தடுத்து வைக்க முயலும் ஆய்வுகள் இவ்விலக்கண உண்மையைக் கணக்கில் கொள்ளவேண்டும் என்பது என் கருத்து.

மெய்க்கீர்த்திப் பகுதியில் பெருமைக்காக அடுக்கப்படும் உம்மை, நிலக்கொடைப் பகுதியில் வேறொரு பணியைச் செய்கிறது. சோழர் ஆவணங்களில் எல்லை கூறும் வாய்பாடு நன்கு அறியப்பட்டது. கீழ்பாற்கெல்லை இன்னதற்கு மேற்கும், தென்பாற்கெல்லை இன்னதற்கு வடக்கும், மேல்பாற்கெல்லை இன்னதற்குக் கிழக்கும், வடபாற்கெல்லை இன்னதற்குத் தெற்கும் எனக் கூறிப் 'பெருநான்கெல்லை' என்று தொகுத்து முடிப்பர். ஒவ்வோர் உறுப்பிலும் இரு திசைச்சொற்கள் வருவதை நோக்க வேண்டும். எல்லைப்பொருள் நிலத்தின் எப்பக்கத்தில் உள்ளது என்பது முதற்சொல். எல்லைப்பொருளுக்கு எப்பக்கத்தில் நிலம் உள்ளது என்பது இரண்டாம் சொல். இரண்டும் எப்போதும் எதிரெதிர் திசைகள். கிழக்கு என்று தொடங்கிய உறுப்பு மேற்கு என்றே முடிந்தாக வேண்டும். கல்தச்சன் ஒரு சொல்லைத் தவறவிட்டாலோ மாற்றி வெட்டினாலோ உறுப்பு தனக்குள்ளேயே முரண்படும். படிப்பவர் உடனே கண்டுகொள்வர். பிற்காலப் பத்திரங்கள் இவ்விரட்டைக் காப்பைக் கைவிட்டு ஒற்றைத் திசைச்சொல்லோடு அமைந்தன. அது ஓர் இழப்பு.

உம்மை எண்ணுக்குத் தொகை கட்டாயமில்லை எனக் கண்டோம். ஆயினும் எல்லை வாய்பாடு தொகையின்றி முடிவதில்லை. 'நான்கு' என்னும் எண்ணுப்பெயர் வாசகனை உறுப்புகளை எண்ணிப் பார்க்கச் செய்கிறது. மூன்றே இருந்தால் ஆவணம் குறையுடையது. இலக்கணம் விருப்பத்திற்கு விட்டதை ஆவண மரபு கட்டாயமாக்கிக்கொண்டது. உடும்பு ஓடிய இடமும் ஆமை தவழ்ந்த இடமும் எனச் செப்பேடுகளில் வரும் இணையும், கல்லும் கள்ளியும் நட்டு எல்லை குறித்ததாகக் கூறும் இணையும் இவ்வகையினவே. முன்னதில் உடும்பு மேட்டு நிலத்தையும் ஆமை தாழ்ந்த ஈர நிலத்தையும் குறிப்பதாகக் கொண்டால், இரு சொற்களால் ஊரின் முழுப் பரப்பும் வளைக்கப்படுகிறது.

பத்திர நடையும் பதிவுச் சட்டமும்

1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 21ஆம் பிரிவில், சொத்தை அடையாளம் காணப் போதிய விவரம் இருத்தல் வேண்டும் என்கிறது. நிலத்தின் பெயர், ஆட்சிப் பிரிவு, பரப்பு, அதனை ஒட்டிய பாதைகள், பிற சொத்துகள், அனுபவம் ஆகியவை கேட்கப்படுகின்றன. அடுத்துள்ள சொத்துகளை நான்கு உறுப்புத் தொடராக, ஒரே வேற்றுமையில் எழுதவேண்டும் என்று அப்பிரிவு கூறவில்லை. தமிழ்ப் பத்திர எழுத்தர் அதனைத் தம் மரபிலிருந்து கொண்டுவந்தனர். 1923ஆம் ஆண்டின் அளவை, எல்லைகள் சட்டத்திற்குப் பின் புல எண்ணும் புலப்படமும் நிலத்தை அடையாளம் காட்டப் போதுமானவையாயின. ஆயினும் நான்கெல்லை நீங்கவில்லை.

விளக்கத்திற்காக ஒரு தொடரை அமைத்துக்கொள்வோம்: 'ஓடைக்குக் கிழக்கும், பாதைக்குத் தெற்கும், பெரும்பாறைக்கு மேற்கும், இன்னார் தோட்டத்திற்கு வடக்கும் ஆக இந்நான்கெல்லைக்கு உட்பட்ட ஏலத்தோட்டம்.' இதில் நான்கு பெயர்களும் நான்காம் வேற்றுமை பெற்றன. நான்கு திசைகளும் உம்மை பெற்றன. நன்னூல் எல்லைப் பொருளை ஐந்தாம் வேற்றுமைக்கு உரியதாகக் கூறும். ஆனால் 'கருவூர்க்குக் கிழக்கு' போன்றவற்றைப் பால்வரை கிளவி என நான்கன் உருபுக்கு ஏற்றுக்கொண்ட தொல்காப்பிய மரபையே பத்திரம் பின்பற்றுகிறது.

இப்போது மூன்றாம் உறுப்பை மட்டும் 'கிழக்கே பெரும்பாறையும்' என மாற்றுவோம். பொருள் மாறவில்லை, அமைப்பு மட்டுமே உடைந்தது. படியெடுப்பவர் மற்ற மூன்றோடு இதனை ஒப்பாக்க முயன்றால் 'பெரும்பாறைக்குக் கிழக்கும்' என எழுதிவிடக்கூடும். நிலம் பாறையின் மறுபுறம் தாவிவிடும். ஆனால் அவ்வாறு தாவிய பின்னும் தொடர் தன் பிழையைக் காட்டிக்கொடுக்கும்: கிழக்கு இருமுறை வந்திருக்கும், மேற்கு வந்திராது. ஒத்த அமைப்பு பிழையைத் தடுப்பதில்லை. பிழையை மறைய விடுவதில்லை. அழகுக்காக அமைந்த அடுக்குக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

பரப்பளவு கூறும் பகுதிக்கு இக்காப்பு இல்லை. இலக்கம் ஒன்று விழுந்தால் எஞ்சிய இலக்கங்கள் அதைக் காட்டா. இதனாலேயே, ஆவணத்தில் எல்லைக்கும் பரப்பளவுக்கும் முரண் ஏற்படின் பொதுவாக எல்லையே மேலோங்கும் என்னும் கோட்பாட்டை இந்திய நீதிமன்றங்கள் கையாண்டு வந்துள்ளன. இதனை இலக்கண மொழியில் கூறினால், எண்ணுக்கும் தொகைக்கும் முரண் வரின் எண்ணே வெல்லும்.

மேல், கீழ்: சரிவின் சிக்கல்

மேல் என்னும் அடியிலிருந்து மேற்கும், கீழ் என்னும் அடியிலிருந்து கிழக்கும் தோன்றின. மேற்கே மலையும் கிழக்கே கடலும் உள்ள நாட்டில் இது இயல்பு. மலையாளத்திலும் கிழக்கைக் குறிக்கும் சொல் கீழ் என்னும் அடியிலேயே உள்ளது. அங்கோ கிழக்கில்தான் மலை. இதனைக் கொண்டு மலையாள மொழியினர் கீழைத் தமிழ்நிலத்திலிருந்து சென்றவர் என 1856இல் வெளியான ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் வாதிட்டார்.

அந்த வாதத்தின் வரலாற்று முடிபு எதுவாயினும், அதன் மொழியியல் அடிப்படையைக் கண்ணால் காண விரும்புவோர் போடிமெட்டில் நின்றால் போதும். போடிநாயக்கனூர்ப் புறச் சரிவில் உயரத்தே உள்ள தோட்டம் மேற்கிலும் உள்ளது. 'மேல் தோட்டம்' என்றால் இரு பொருளும் ஒன்றே. முகட்டைக் கடந்து மேற்கு நோக்கிச் சரியும் பக்கத்தில் உயரே உள்ள தோட்டம் கிழக்கில் இருக்கும். அங்கு 'மேல் எல்லை' என்றால் திசையா, உயரமா? சோழர் ஆவணம் 'மேல்பாற்கெல்லை' எனத் தொடங்கிக் 'கிழக்கு' என முடித்ததால் ஐயத்திற்கு இடமில்லை. ஒற்றைச் சொல் வழக்கு இச்சரிவில் ஐயத்தைத் தருகிறது. இன்னொன்றும் உண்டு. ஊர்ப்புற நஞ்சை ஏறத்தாழ நாற்பக்கம் உடையது. மலைத்தோட்டமோ ஓடை வளையும் வழியே வளைவது. ஒரே ஓடை இருபுறமும் மூன்றுபுறமும் எல்லையாகலாம். அப்போதும் தொடர் நான்கு உறுப்பையே கேட்கும். எழுதுபவர் ஒரே பெயரை இருமுறை எழுதி நான்கை நிரப்புவார். வாய்பாட்டின் கட்டாயம் நிலத்தின் வடிவை மீறும் இடம் இது.

(ஏலம் என்னும் சொல்லே இங்கு ஒரு மயக்கம் தருவது. செடியைக் குறிக்கும் ஏலம் பழந்தமிழ். கூவி விற்றலைக் குறிக்கும் ஏலம் போர்த்துக்கீசிய வழி வந்தது. போடியில் ஏலம் ஏலத்தில் விற்கப்படுகிறது.)

பெயரடுக்கும் இலக்கமும்

மலைச்சரிவின் இருபுறமும் உரிமை வரலாறு வேறுபட்டது. கிழக்கே போடிநாயக்கனூர் பாளையமாக இருந்து ஜமீனாகி, 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்திற்குப் பின் ரயத்துவாரி முறைக்குள் வந்தது. மேற்கே திருவிதாங்கூர் அரசு ஏலக்காயைத் தன் தனியுரிமைப் பொருளாக நெடுங்காலம் வைத்திருந்தது. வடபுறத்துக் கண்ணன் தேவன் மலைகளை 1877 ஜூலை 11இல் பூஞ்ஞாறு அரசர் ஜான் டேனியல் மன்றோவுக்கு ரூ.5,000 தொகைக்கும் ஆண்டுக்கு ரூ.3,000 வாடகைக்கும் எழுதிக்கொடுத்தார். காடு, ஆவணத்தின் தொடருக்குள் வந்த காலம் அது.

1956இல் மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது எல்லை வேறொரு இலக்கண வடிவில் எழுதப்பட்டது. திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்திற்கு வரும் பகுதிகள் பெயர்ச்செவ்வெண்ணாக அடுக்கப்பட்டன: அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை. தமிழர் பெரிதும் போராடிய தேவிகுளமும் பீர்மேடும் அவ்வடுக்கில் இல்லை. நான்கெல்லைத் தொடரில் ஓர் உறுப்பு இல்லாவிடில் அதன் இன்மை தெரியும். பெயரடுக்கில் இல்லாதது இல்லாததாகவே போய்விடும். அடுக்கு எத்தனை உறுப்போடு முடியவேண்டும் என்பதற்கு அதன் அமைப்பில் விடையில்லை. போடிமெட்டு வழியே செல்லும் மாநில எல்லை இத்தகைய ஒரு பெயரடுக்கின் விளைவு.

இலக்கத்தின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஏலமலைக் காப்புக்காடு பற்றிய 1897ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் அறிவிக்கைக்கு உரிய பரப்பு 15,720 ஏக்கர் என்கிறது கேரள அரசு. 2,15,720 ஏக்கர் என்கின்றனர் எதிர்த்தரப்பினர். முன்னே ஓர் இலக்கம் நிற்பதும் நில்லாததுமே இரண்டனுக்கும் வேறுபாடு. இரண்டு இலட்சம் ஏக்கர் காடா, வருவாய் நிலமா என்பது அதன்மேல் தொங்குகிறது. அங்குத் தலைமுறைகளாக ஏலம் பயிரிடுவோரின் பட்டாவும், கீழ்ப்புறமிருந்து நாள்தோறும் மலையேறி வேலைக்குச் செல்லும் தொழிலாளரின் கூலியும், மழைக்காட்டு நிழலின் எதிர்காலமும் அதனோடு சேர்ந்தே தொங்குகின்றன. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இப்பகுதியில் புதிய பட்டா வழங்குவதற்கு இடைக்காலத் தடை விதித்தது. எத்தரப்பு சரி என்று கூறுவது இக்கட்டுரையின் பணியன்று. எண்ணின்றித் தொகை மட்டும் கைக்குக் கிடைத்தால் அதனைச் சரிபார்க்க உள்ளிருந்தே வழியில்லை என்பதற்கு இதனினும் பெரிய சான்று தேடவேண்டியதில்லை.

கட்டத்துள் அடங்கிய எல்லை

இன்று வில்லங்கச் சான்றில் எல்லை விவரங்கள் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு எனத் தலைப்பிட்டு வருகின்றன. வாக்கியம் போய்ப் பட்டியல் வந்துள்ளது. உறுப்பு நான்கும் நிரப்பப்பட வேண்டியிருப்பதால் தொகையின் காவல் தொடர்கிறது. ஆனால் 'கிழக்கு – ஓடை' என்று மட்டும் பதிவானால், கிழக்கில் ஓடை உள்ளதா, ஓடைக்குக் கிழக்கில் நிலம் உள்ளதா என்பதைக் கூற அங்கு உருபு இல்லை. மூலப் பத்திரம் 'க்கு' உருபோடு எழுதப்பட்டிருக்க, பதிவில் பெயர் மட்டும் ஏறினால் நான்கு உறுப்பும் ஒருசேரத் திரும்பிவிடும். ஒருசேரத் திரும்புவதால் ஒப்புமை கெடாது. ஆகவே முன்னர்க் கூறிய காட்டிக்கொடுக்கும் பண்பும் இங்குச் செயல்படாது. இருமுறை திசை கூறிய பழைய வாய்பாடு இவ்வொன்றையும் தாங்கியிருக்கும். புல எண்ணும் புலப்படமும் சேர்த்துப் பார்த்தாலன்றி இத்திருப்பம் புலப்படாது. புலப்படத்தில் ஓடை வளைந்து மூன்று பக்கமும் செல்லும் மலைத்தோட்டங்களில் அப்போதும் எளிதிற் புலப்படாது.